ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல், டயர் அளவு தேர்ந்தெடுப்பது எப்படி: பெங்களூரு சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜே.சி. ரோட்டில் கடை வாசலில் தொங்கும் ரிம்மைப் பார்த்து ஆசைப்பட்டு, முதலில் ரிம்மை வாங்குகிறார்கள். அப்புறம் அதற்கேற்ற டயரைத் தேடுகிறார்கள். அது காரில் ஒழுங்காக உட்காருமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த வரிசையால் வந்தவை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கார் ஓடும் சாலை முதலில், அடுத்து பிரேக், அதற்கடுத்து டயர். அந்த டயர் சந்தையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிம் அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்று சொல்லும் எண்), போல்ட் என்று போங்கள். ரிம்மின் டிசைன் கடைசியில் வரட்டும்.

கணக்குகளுக்கு ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன். என் தம்பியின் கார். கம்பெனியிலிருந்து வந்தபோது 225/45 ஆர்17 டயர் (இந்த எண்களை 4ஆம் பகுதியில் பிரித்துச் சொல்கிறேன்), 17 அங்குல 7.5 ஜே ரிம் ('ஜே'க்கு முன்னால் வருவது ரிம்மின் அகலம், அங்குலத்தில்), ஆஃப்செட் 50. "அண்ணா, 19 போட்டா சூப்பரா இருக்கும்" என்று சொல்லி, யாரோ கழற்றி விற்ற 19 அங்குல 8.5 ஜே ரிம், ஆஃப்செட் 35, 235/35 டயரோடு ஒரு செட் வாங்கிவிட்டான். மூன்றாவது வாரம் இரவில், வெளிவட்டச் சாலையில் மழைத் தண்ணீர் மூடிய ஒரு பள்ளம். ஒரே அடியில் இரண்டு ரிம் வளைந்தன, ஒரு டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் முழு வேலையையும் முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தோம். இங்கே சொல்வது அந்த வரிசை.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம், டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை. பழைய கார் வாங்கியவர்கள் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். முந்தைய உரிமையாளர் மாற்றிப் போட்ட டயரைக் கம்பெனி அளவு என்று நினைத்துக் கணக்கு போடுகிறார்கள். ஸ்டிக்கரும் டயரும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்போக்கின் பின்பக்கத்தைத் துடைத்தால் ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட்டுக்கு முன்னால் 'ஈடி' என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்.

கருவிகள்: ஜாக்கியும் ஸ்டாண்டும், நீளமான நேர் ஸ்கேல், டேப், வேனியர் காலிப்பர், போல்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். இவற்றோடு நூலில் கட்டிய ஒரு கனமான நட், ஒரு பிடி சப்பாத்தி மாவு, இரண்டு சாக்பீஸ். கடைசி மூன்றும் எதற்கு என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. கார் எங்கே ஓடும் என்று ஒரு வரி எழுதுங்கள்

"வாரத்தில் ஐந்து நாள் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, ஞாயிறு காலை நந்தி மலை, வருடத்தில் இரண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்." தம்பி எழுதிய வரி இது. எழுதியதும் அவனுக்கே விஷயம் புரிந்துவிட்டது. வருடத்தில் இரண்டு நாளுக்காக மற்ற எல்லா நாளும் கஷ்டப்படும் அளவைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

பெங்களூரில் டயரை அழிப்பது வேகம் அல்ல, விளிம்புகள். வொயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் சாலை முடிந்து பழைய தார்ச் சாலைக்கு இறங்கும் இடம், சாலை மட்டத்துக்குக் கீழே அமுங்கிப்போன சாக்கடை மூடி, கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய கோடு. இவற்றில் மோதும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது டயரின் பக்கச்சுவர் மட்டுமே. அதனால் இந்த ஊரில் ஓடும் காருக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது பக்கச்சுவரின் உயரம். என் அனுபவத்தில் தினமும் நகரத்துக்குள் ஓடும் காருக்கு 90 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. 100 இருந்தால் நிம்மதி.

பெரிய ரிம் போட்டால் கார் உயரும், ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாது என்ற நம்பிக்கையும் நிறையப் பேரிடம் இருக்கிறது. டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறாவிட்டால் கார் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது.

3. பிரேக் மேல் உட்காரும் மிகச் சிறிய ரிம் எது?

ரிம்மின் விட்டத்துக்குக் கீழ் எல்லையை வைப்பது பிரேக். அந்த எல்லையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை 17 என்று தெரிந்துவிட்டால், 18க்கும் 19க்கும் போக வேறு நல்ல காரணம் வேண்டும். அழகு என்பது காரணமாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

விலை எடையில் தொடங்குகிறது. ஊருக்குப் போகும் முன் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசில் தம்பியின் இரண்டு செட்டையும் நிறுத்தோம். 19 அங்குலச் சக்கரம் ஒவ்வொன்றும் மூன்றரை கிலோ கூடுதல். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் ஒவ்வொரு குலுக்கலிலும் சஸ்பென்ஷன் அதையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. எடை சுற்றளவின் பக்கம் தள்ளி இருப்பதால் வேகமெடுக்கவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி தேவை. ஸ்போர்ட்ஸ் காரில் இந்த இழப்பு ஸ்டீயரிங் பிடித்த கையிலேயே தெரியும்.

ரிம் பிரேக்கைத் தாண்டுமா என்று பார்க்கத்தான் சப்பாத்தி மாவு. பிரேக் டிஸ்கைக் கவ்வும் காலிப்பரின் வெளிமுகத்திலும் மேல் வளைவிலும் எண்ணெய் தடவிய மாவை விரல் தடிமனுக்கு ஒட்டுங்கள். டயர் இல்லாத வெறும் ரிம்மை மாட்டி இரண்டு போல்ட் போட்டு, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். மாவு எங்கே மிக மெலிதாக நசுங்கியிருக்கிறதோ அந்தத் தடிமன்தான் உங்கள் இடைவெளி. 3 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் அந்த ரிம் வேண்டாம். சூட்டில் உலோகம் விரியும், சின்னக் கல்லும் இடையில் சிக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, விட்டத்தை மட்டும் பார்ப்பது. காலிப்பரின் மேற்பகுதி நன்றாகத் தாண்டியிருக்கும், ஸ்போக்கின் உட்புறம் காலிப்பர் முகத்தில் இடிக்கும். ஒரே 18 அங்குலத்தில் ஒரு டிசைன் உட்காரும், இன்னொன்று உட்காராது. அதனால்தான் ரிம்மை மாட்டிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்கிறேன்.

4. டயர் அளவைக் கணக்கிடுங்கள்

225/45 ஆர்17 என்பதில் 225 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நிறையப் பேர் 45ஐ மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 225க்கு 45 என்றால் பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர், 255க்கு அதே 45 என்றால் 115. ஒரே எண்ணாக இருந்தாலும் உயரம் வேறு.

மொத்த விட்டத்துக்கு ரிம்மின் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, இரண்டு பக்கச்சுவரைக் கூட்டுங்கள். 17 அங்குலம் 431.8 மில்லிமீட்டர். அதோடு 101.25 இரண்டு தடவை. மொத்தம் 634.3. புதிய அளவும் இதிலிருந்து 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 3 தாண்டவே வேண்டாம். ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் வேகம் காட்டுகிறது. விட்டம் 3 சதவீதம் கூடினால் முன்பு 100 ஓடிய இடத்தில் அதே முள்ளுக்கு 103 ஓடும். கியர் இழுவை குறையும், திருப்பத்தில் டயர் மட்கார்டின் உள் லைனரில் உரசவும் தொடங்கும்.

தம்பிக்காக ஒரு தாளில் போட்ட கணக்கு இது:

225/40 ஆர்18: விட்டம் 637.2, பக்கச்சுவர் 90
235/40 ஆர்18: விட்டம் 645.2, பக்கச்சுவர் 94
245/40 ஆர்18: விட்டம் 653.2, பக்கச்சுவர் 98
235/35 ஆர்19: விட்டம் 647.1, பக்கச்சுவர் 82
235/45 ஆர்17: விட்டம் 643.3, பக்கச்சுவர் 106

245/40 கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுதல், தள்ளிவிட்டோம். அவன் வாங்கியிருந்த 235/35 ஆர்19 விட்டத்தில் 2 சதவீதம்தான் கூடுதல், அந்த வகையில் குற்றமில்லை. ஆனால் பக்கச்சுவர் 101லிருந்து 82க்கு இறங்கிவிட்டது. பள்ளம் மீதி வேலையைச் செய்தது. கடைசி வரியைப் பாருங்கள். ரிம்மைப் பெரிதாக்காமலே 10 மில்லிமீட்டர் அகலம் கூடுகிறது, பக்கச்சுவரும் உயர்கிறது, விட்டம் 1.4 சதவீதம்தான் கூடுகிறது.

கார் தயாரிப்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். போர்ஷே 718இன் முன்சக்கரத்துக்கு 235/45 ஆர்18, 235/40 ஆர்19, 235/35 ஆர்20 என்று மூன்று அளவுகள் உண்டு. கணக்கிட்டால் விட்டம் 668.7, 670.6, 672.5. ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் மொத்த விட்டம் 4 மில்லிமீட்டர்கூட மாறவில்லை. பக்கச்சுவர் மட்டும் 106லிருந்து 82க்கு வருகிறது. உங்கள் காரின் மேல் வேரியன்டுக்குக் கம்பெனியே ஒரு பெரிய அளவு கொடுத்திருந்தால், கணக்கின் பாதி உங்களுக்காகப் போட்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் உள்ள கார்களில் இன்னும் கவனம் தேவை. 718இல் பின்னால் 265. அந்த விகிதத்தைக் காரின் எடைப் பகிர்வைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பின்னால் மட்டும் அகலமாக்கினால் முன்பக்கம் திருப்பத்தில் வெளியே தள்ளும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் கார் என்றால், முன்பின் விட்ட வித்தியாசத்தைக் கம்பெனி வைத்தபடியே காப்பாற்றியாக வேண்டும். பிஎம்டபிள்யூ 3 சீரீஸின் 19 அங்குலத் தொகுப்பில் முன்னால் 225/40, பின்னால் 255/35. அகலம் இவ்வளவு வேறுபட்டும் விட்டம் 662.6, 661.1. இதைக் கலைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் நடு கிளட்ச் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று ஒரேயடியாகப் போகவும் வேண்டாம். தேங்கிய மழைத்தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் இங்கே பெய்யும் மழை தெரிந்ததுதானே. நல்ல ரகத்தில் 225 வாங்குவது, சுமாரான ரகத்தில் 245 வாங்குவதைவிட எல்லா வகையிலும் மேல்.

5. அந்த டயர் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள்

ரிம்முக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. 2020 ஜூனில் டயர் இறக்குமதி, அரசிடம் உரிமம் வாங்கினால்தான் கொண்டுவர முடியும் என்ற கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனது. அதிலிருந்து, இங்கே தயாராகாத அளவுகள் வருவதும் வராததும் அதிர்ஷ்டம் மாதிரி ஆகிவிட்டது. விற்கும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்.

மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, அந்த அளவில் குறைந்தது இரண்டு கம்பெனி டயர் இப்போதே ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஆர்டர் போட்டா வந்துடும் சார்" என்பது ஸ்டாக் ஆகாது. ஒரு டயர் கிழிந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மூன்று வாரம் கார் நிற்கும் அளவு நல்ல அளவு அல்ல. அபூர்வமான அளவில் கிடைக்கும் டயர் பழைய சரக்காகவும் இருக்கும். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் தயாரானது.

6. ரிம் அகலம்

ஒவ்வொரு டயருக்கும் இத்தனையிலிருந்து இத்தனை ஜே வரை என்று எல்லை உண்டு. 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5. 235/45 ஆர்17க்கு 7.5 முதல் 9. 225/40 ஆர்18க்கு 7.5 முதல் 9. நடுவில் ஒரு அளவைப் பிடியுங்கள். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலமும் சுமார் 5 மில்லிமீட்டர் கூடும் என்பதை அடுத்த கணக்குக்கு நினைவில் வையுங்கள்.

குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் திருப்பத்தில் பக்கச்சுவர் மடிந்து ஸ்டீயரிங் மந்தமாகும். அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுவதும் ஒரு நாகரிகமாக இருக்கிறது. அதில் ரிம்மின் உதடு டயரைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் நடைபாதைக் கல்லிலேயே சிராய்ப்பு விழும். இந்த ஊருக்கு அது வேண்டாம்.

7. ஆஃப்செட்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், அதற்கும், ரிம் ஹப்பில் (காரில் சக்கரத்தைப் போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

கணக்கு எளிது. டயரின் அகலத்தில் பாதியை எடுங்கள். ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து டயர் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வரும். ஆஃப்செட்டைக் கூட்டினால் எவ்வளவு உள்ளே போகிறது என்று வரும்.

தம்பியின் பழைய டயர்: 225இல் பாதி 112.5. வெளியே 62.5, உள்ளே 162.5.

அவன் வாங்கிய 19 அங்குலம், 235 டயர், ஆஃப்செட் 35: பாதி 117.5. வெளியே 82.5, உள்ளே 152.5. அதாவது 20 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது.

நாங்கள் யோசித்த 17 அங்குலம் 8 ஜே, 235 டயர், ஆஃப்செட் 45: வெளியே 72.5, உள்ளே 162.5. வெளியே 10 மட்டும் கூடுகிறது, உள்ளே ஒன்றும் மாறவில்லை.

இந்த 10 தாங்குமா, 20 தாங்குமா என்று காரிடம்தான் கேட்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டின் விளிம்பிலிருந்து நூலில் கட்டிய நட்டைத் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல. நூல் ஆடாமல் நின்றதும் நூலுக்கும் டயரின் மிகப் புடைத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளங்கள். தம்பியின் காரில் பழைய 17 அங்குலச் சக்கரத்தோடு பின்னால் 18 மில்லிமீட்டர் வந்தது. 10 போனால் 8 மிச்சம். 20 என்றால் டயர் 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் "கர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததற்கு விடை அந்த நூலில் இருந்தது.

வெளிப்பக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். ஜாக்கியில் தூக்கி, டயருக்கும் சஸ்பென்ஷன் தூணுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பாருங்கள். எங்களுக்கு 8 மில்லிமீட்டர், ஒரு பென்சில் நுழையும் இடம். ஆஃப்செட் 45 வைத்துக்கொண்டு 245 டயருக்குப் போயிருந்தால் உள்ளே 5 கூடி, 3 தான் மிச்சம் இருக்கும். அது போதாது. ரிம்முக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். 'ஜே' அளவு டயர் உட்காரும் இரண்டு படிகளுக்கு இடையே எடுத்த அகலம் என்பதால், ரிம்மின் உண்மையான உதடு இரு பக்கமும் அதைவிட அரை அங்குலம் வரை தள்ளி இருக்கும்.

கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 5 முதல் 10 மில்லிமீட்டருக்குள் நில்லுங்கள். அதைத் தாண்டினால் பேரிங்கின் மேல் விழும் சுமை மாறும். முன்சக்கர இழுவைக் காரில் ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும். சாலையின் ஒவ்வொரு கோட்டையும் கார் முகர்ந்துகொண்டு போகும்.

ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடு, போட்டுச் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் என்றால் ஆஃப்செட்டில் 10 குறைத்ததாகவே கணக்கு. ஹப்பில் இறுக்கமாகப் பொருந்தும் வகையாகவும், அதே அளவுக்கு நீளம் கூடிய போல்டாகவும் இருக்க வேண்டும். பழைய போல்ட் எத்தனை சுற்று ஏறியதோ, புதியதும் அத்தனை சுற்று ஏறியாக வேண்டும். சரியான ஆஃப்செட்டில் ரிம் கிடைக்கும்போது ஸ்பேசரைத் தேடிப் போகாதீர்கள்.

8. பிசிடி, நடுத்துளை, போல்ட்

பிசிடி என்பது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கு ஐந்து துளை 112, போலோவுக்கு ஐந்து துளை 100, ஃபோர்டு மஸ்டாங்குக்கு ஐந்து துளை 114.3, போர்ஷே 718க்கு ஐந்து துளை 130. இதில் சமரசமே கிடையாது. 112க்கும் 114.3க்கும் 2.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். போல்ட் இழுத்துப் பிடித்து ஏறிவிடும், "செட் ஆயிடுச்சு" என்று சொல்லியும் விடுவார்கள். போல்ட் கோணலாக இறுகியிருக்கும். ஓட ஓடத் தளரும், அல்லது உடையும்.

நடுத்துளை காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கேற்ற வளையம் போட வேண்டும். கோல்ஃபின் ஹப் 57.1, ரிம்மின் துளை 66.6 என்றால் அந்த இடைவெளியை நிரப்பும் வளையம். அது இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராது, 80, 90இல் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மறுபடி மறுபடி செய்தும் நடுக்கம் போகவில்லை என்று வந்த கார்களில், முதலில் நான் பார்ப்பது இந்த வளையத்தைத்தான்.

இன்னொன்று போல்டின் கழுத்து. ஃபோக்ஸ்வேகன், போர்ஷே போல்டுகளின் கழுத்து உருண்டை, பிஎம்டபிள்யூவில் கூம்பு. வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்புக்குச் செய்தவை. உருண்டைக் கழுத்துப் போல்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், பிடிப்பு மட்டும் இருக்காது. புதிய ரிம்முக்கு ஏற்ற போல்டை ரிம்மோடு சேர்த்தே வாங்குங்கள்.

9. சுமை எண், வேக எழுத்து, காற்று

அளவுக்குப் பின்னால் வரும் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. 92 என்றால் 630, 94 என்றால் 670. வேக எழுத்து 'வி' என்றால் 240 கிலோமீட்டர், 'டபிள்யூ' 270, 'ஒய்' 300. இரண்டுமே கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. நாம் இங்கே 240 ஓட்டப் போவதில்லை, உண்மைதான். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது. மே மாதம் சென்னை நெடுஞ்சாலையில் நான்கு பேரோடு போகும்போது அது கணக்கில் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை. 225/40 ஆர்18 போன்ற தாழ்ந்த டயர்கள் பெரும்பாலும் 'எக்ஸ்எல்' என்ற கூடுதல் சுமை வகையில் வரும். சாதாரண 91ஐ விட எக்ஸ்எல் 92 வலுவானது என்று நினைத்துக் கதவு ஸ்டிக்கரில் உள்ள அதே 32 பிஎஸ்ஐ வைப்பார்கள். எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவது கூடுதல் அழுத்தத்தில்தான். அதே சுமைக்கு அதில் 3, 4 பிஎஸ்ஐ கூட்டி வைக்க வேண்டும். கூட்டாமல் ஓட்டினால் பள்ளத்தில் ரிம் அடிபடும். எல்லோரும் டயரைத்தான் குறை சொல்வார்கள்.

ரிம்முக்கும் சுமை எல்லை உண்டு, பின்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும். ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பான் தர முத்திரைகளையும் தேடுங்கள். பிரபலமான டிசைனைப் பார்த்து வார்த்த மலிவு நகல்களில் இந்த எழுத்துகள் வெறும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள். விளிம்பில் மோதும்போது நல்ல ரிம் வளையும். மட்டமான வார்ப்பு விரிசல் விடும், காற்று ஒரே நொடியில் போய்விடும்.

10. மாட்டிப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்

டயர் ஏற்றிய ரிம்மைக் கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வது அபூர்வம். அதனால் வெறும் ரிம்மோடு மாவுச் சோதனை முதலில். சரியென்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மட்டும் டயர் ஏற்றச் சொல்லுங்கள். "எதுக்கு சார், நாலையும் போட்டுடலாமே" என்பார்கள். பொறுமையாக நில்லுங்கள்.

மட்கார்டின் உள் லைனரிலும் விளிம்பிலும் சாக்பீஸைத் தடவுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் நான்கு பேரை உட்கார வைத்து, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் கோணலாக ஏற்றி இறக்குங்கள். கோணலாக ஏறும்போது ஒரு மூலை முழுதாக அமுங்கும். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் இது தெரியாது, சக்கரம் தொங்கும்போது எல்லாமே தாராளமாகத்தான் இருக்கும். சாக்பீஸ் அழிந்த இடம் டயர் உரசும் இடம். லைனரில் லேசாக ஒரு தடம் என்றால் பார்த்துக்கொள்ளலாம். மட்கார்டின் தகரத்தில் தடம் என்றால் அந்த அளவு வேண்டாம். தகரத்தை மடித்துவிடலாம் என்பார்கள். பெயின்ட் வெடித்து, இரண்டு மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.

எல்லாம் சரியென்றால் நான்கையும் மாட்டுங்கள். ஏர் கன்னால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கையால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், போர்ஷே 718க்கு 160. உங்கள் காரின் எண் கையேட்டில் இருக்கும். வீல் அலைன்மென்ட் அன்றைக்கே. 100 கிலோமீட்டர் ஓடியதும் கார் ஆறியிருக்கும்போது மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புதிய ரிம்மின் பெயின்ட் அமுங்கி போல்ட் சற்றுத் தளர்ந்திருக்கும்.

11. காகிதமும் ஸ்டெப்னியும்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடலின் இன்னொரு வேரியன்டில் வரும் அளவைத் தேர்ந்தெடுத்தால் பேச்சுக்கு இடம் குறைவு. எப்படியிருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, புதிய வீல், டயர் விவரத்தையும் பில்லையும் சேர்த்து, பதிலை வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. டயருக்குள் பிரஷர் சென்சார் இருந்தால் புதிய ரிம்முக்கு மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஸ்டெப்னியை எடுத்து, புதிய டயரின் விட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மட்டும். ஸ்டெப்னி பெரும்பாலும் பழைய கம்பெனி ரிம்தான், அதற்குப் பழைய போல்டுதான் பொருந்தும். கூம்புப் போல்டுக்கு மாறியிருந்தால், பழைய ஐந்து போல்டை ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடேயே வைத்துவிடுங்கள். புதிய ரிம்முக்குத் திருட்டுத் தடுப்பு போல்ட் போட்டிருந்தால் அதன் சாவியும் அதே பையில் இருக்கட்டும்.